ஜி.பி. சர்ஜரியில் பிரிக் டெஸ்ட்: அனாஃபிலாக்சிஸ் வந்தால் எதிர்கொள்ள என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஜி.பி. சர்ஜரியில் (குடும்ப டாக்டரின் கிளினிக்கில்) நர்ஸாக இருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து நம்ம சர்ஜரியிலேயே அலர்ஜிக்குத் தோல் பரிசோதனை (சாற்றுத் துளியைத் தோலில் வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் பிரிக் டெஸ்ட் மட்டும்) ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தூசிப்பூச்சி, கரப்பான், பூனை, நாய், அறுகம்புல், பூஞ்சை, அதோடு பால், முட்டை, நிலக்கடலை, இறால் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம்.

இந்த டெஸ்டுக்கான அலர்ஜிச் சாறு விற்க வந்த கம்பெனி ரெப் "நூறு சதவீதம் சேஃப், ஒன்றும் ஆகாது" என்றார். அப்படிச் சொன்னதால்தான் எனக்குச் சந்தேகம்: அனாஃபிலாக்சிஸ், அதாவது உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகும் அலர்ஜி வந்துவிட்டால்? டாக்டர் பக்கத்து அறையில் வேறு பேஷண்ட்டோடு இருப்பார், மேசைப் பக்கத்தில் நான் மட்டும்தான் இருப்பேன்.

யாருக்கு இந்த டெஸ்ட் செய்யவே கூடாது? எமர்ஜென்சி ட்ராலியில் என்னென்ன இருக்க வேண்டும்? அட்ரினலின் எவ்வளவு, எங்கே போட வேண்டும்? டெஸ்ட் முடிந்ததும் எவ்வளவு நேரம் உட்கார வைக்க வேண்டும்? இன்னொன்று: வயதான டாக்டர் ஒருவர் "முதலில் ப்ரோமெதசின் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால்தான் அட்ரினலின்" என்கிறார். அது சரியா?

அலர்ஜி கிளினிக் நர்ஸ், டர்பன்

சிஸ்டர், ரெப் சொன்னது முக்கால்வாசி உண்மைதான். தரப்படுத்திய சாறுகளை வைத்துச் செய்யும் பிரிக் டெஸ்டில் உடம்பு முழுக்கப் பரவும் ரியாக்‌ஷன் அபூர்வம். பத்தாயிரம் பேரில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மீதிக் கால்வாசியைத்தான் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிக் ஏன் பாதுகாப்பானது என்றால், அளவுதான் காரணம். ஒரு மில்லிலிட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய மூன்று பங்குதான் தோலுக்குள் போகிறது. சிரிஞ்சால் தோலுக்குள் ஏற்றும் இன்ட்ராடெர்மல் ஊசியில் 0.02 மி.லி. போகும், அதாவது ஆறாயிரம் மடங்குக்கும் மேல். அதனால்தான் இன்ட்ராடெர்மலுக்கான மருந்தை நூறு முதல் ஆயிரம் மடங்கு நீர்க்க வைத்துப் போடுகிறார்கள். பிரிக் பாட்டிலில் இருக்கும் சாற்றை அப்படியே ஊசியில் இழுத்துத் தோலுக்குள் போடுவதுதான் நடக்கவே கூடாத தவறு. உங்கள் அலமாரியில் இன்ட்ராடெர்மல் மருந்தும் ட்யூபர்குலின் சிரிஞ்சும் பிரிக் சாற்றோடு ஒரே தட்டில் இருக்கக் கூடாது. 1945 முதல் 1984 வரை அமெரிக்காவில் பதிவான தோல் பரிசோதனை மரணங்களில் பெரும்பாலானவை பிரிக் செய்து பார்க்காமல் நேராக இன்ட்ராடெர்மல் போட்டவர்களுக்கு நடந்தவை. அதற்குப் பிறகு 1990 முதல் 2001 வரை எடுத்த கணக்கில் பிரிக் டெஸ்டால் ஒரே ஒரு மரணம். அவருக்கு ஆஸ்துமா இருந்தது, ஒரே அமர்வில் 90 உணவுச் சாறுகளைக் குத்தியிருந்தார்கள். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் யாருக்குச் செய்யக் கூடாது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஆஸ்துமாதான் முதல் வடிகட்டி. அன்றைக்கு இழுப்பு இருந்தால் டெஸ்ட் கிடையாது. ஒவ்வொருவரையும் பீக் ஃப்ளோ (மூச்சை வெளிவிடும் வேகத்தை அளக்கும் கருவி) ஊதச் சொல்லுங்கள். அவருடைய வழக்கமான நல்ல அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இன்னொரு நாளுக்கு மாற்றுங்கள். ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை இருந்து எஃப்.இ.வி.1 (முதல் நொடியில் ஊதும் காற்றின் அளவு) 70 சதவீதத்துக்குக் குறைந்தால் ஆஸ்துமா கட்டுப்படும் வரை தோல் டெஸ்டே வேண்டாம். டெஸ்டுக்காக ஆஸ்துமா பம்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். இன்ஹேலரோ மான்டிலூகாஸ்ட்டோ முடிவைக் கெடுக்காது. நிறுத்தினால்தான் ஆபத்து.

அடுத்து, ஒரு பொருளின் துளி பட்டதற்கே, அல்லது அது வேகும் ஆவியை முகர்ந்ததற்கே அனாஃபிலாக்சிஸ் வந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பொருளை உங்கள் சர்ஜரியில் குத்தாதீர்கள், ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற அலர்ஜி எதிர்ப்பொருளைப் பார்த்தால் போதும். கர்ப்பிணிகளுக்கும் தள்ளிப்போடலாம், அவசரமே இல்லை. தேனீ விஷம், பெனிசிலின், மயக்க மருந்தோடு கொடுக்கும் தசை தளர்த்தி மருந்துகள் இவையெல்லாம் மருத்துவமனை வேலை. நம்ம ஊர்த் தேனீ ஆப்பிரிக்க இனம், கூட்டமாகக் கொட்டும். கொட்டு வாங்கியவர்கள் நிறையப் பேர் கேட்டு வருவார்கள், அனுப்பிவிடுங்கள். ரப்பர் கையுறையைத் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் குத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதில் லேடெக்ஸ் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வேண்டவே வேண்டாம்.

கடைசியாக அனாஃபிலாக்சிஸ் வந்து நாலு முதல் ஆறு வாரம் ஆகாதவர்களையும் காத்திருக்கச் சொல்லுங்கள். ரியாக்‌ஷன் வந்த புதிதில் தோல் சோர்ந்து கிடக்கும், அலர்ஜி இருந்தும் நெகட்டிவ் காட்டும். அந்த நெகட்டிவை நம்பி வீட்டுக்குப் போய் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி டெஸ்ட். முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டிலிருந்தும் முழங்கை மடிப்பிலிருந்தும் இரண்டு மூன்று செ.மீ. தள்ளி. துளிக்குத் துளி குறைந்தது 2 செ.மீ. இடைவெளி, இல்லாவிட்டால் ஒன்றின் சிவப்பு மற்றதில் கலந்து எது எதுவென்று தெரியாமல் போகும். ஒவ்வொரு சாற்றுக்கும் புது லான்செட் (குத்தும் சிறு முனை), ஒன்றையே துடைத்துத் துடைத்துக் குத்துவது கூடாது. முனை ஒரு மில்லிமீட்டர். ரத்தம் வந்தால் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்க்க, எழும்பக் கூடாத உப்புநீர் நெகட்டிவ் கண்ட்ரோல், எழும்பியே ஆக வேண்டிய மி.லி.க்கு 10 மி.கி. ஹிஸ்டமின் பாசிட்டிவ் கண்ட்ரோல், இரண்டும் கட்டாயம். ஹிஸ்டமின் பத்து நிமிடத்தில் உச்சம், மற்றவை பதினைந்தில் படிக்க வேண்டும். நெகட்டிவைவிடத் தடிப்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். பேனாவால் ஓரம் வரைந்து ஒட்டு டேப்பில் எடுத்து ஃபைலில் ஒட்டிவையுங்கள்.

நம்ம கரையோர ஈரப்பதத்துக்கு ப்ளோமியா என்ற தூசிப்பூச்சியும் பட்டியலில் இருக்க வேண்டும். வழக்கமான டெர்மட்டோஃபேகாய்டஸ் மட்டும் வைத்தால் டர்பனில் பலபேரைத் தவற விடுவீர்கள். அதே சமயம் பட்டியலை நீட்டவும் வேண்டாம். கேள்விக்கு ஏற்ற பத்து, பன்னிரண்டு சாறு போதும். வெறுமனே "எல்லாத்தையும் பார்த்துடுங்க சிஸ்டர்" என்பவருக்குப் பொறுமையாக விளக்க வேண்டியதுதான். கடலை சாப்பிட்டு எதுவும் ஆகாதவருக்குக் கடலையைக் குத்திப் பாசிட்டிவ் வந்தால் அது அலர்ஜி அல்ல, வீண் பயம்.

கடைசிக் குத்திலிருந்து முப்பது நிமிடம் உங்கள் கண் முன்னால் உட்கார வேண்டும். வெயிட்டிங் ரூமில், ரிசப்ஷனிஸ்ட் பொறுப்பில் அல்ல.

எமர்ஜென்சி டாக்டர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ப்ரோமெதசின் கேள்விக்கு முதலில் பதில்: தவறு. அது ஒரு ஆண்டிஹிஸ்டமின், அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். மூச்சுக்குழாயைத் திறக்காது, ரத்த அழுத்தத்தை ஏற்றாது, தொண்டை வீக்கத்தை இறக்காது. ப்ரோமெதசின் ஊசி தூக்கத்தையும் அழுத்தக் குறைவையும் கொடுப்பதால் பேஷண்ட் மோசமாகிறாரா, மருந்தில் தூங்குகிறாரா என்பதே தெரியாமல் போகும். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும். உயிரைக் காப்பது அட்ரினலின் மட்டும். அதைப் போட்டு முடித்த பிறகு மற்றவற்றைப் பற்றி நிதானமாகப் பேசலாம்.

அளவு: 1:1000 அட்ரினலின், அதாவது மி.லி.யில் 1 மி.கி. கிலோவுக்கு 0.01 மி.லி., அதிகபட்சம் 0.5 மி.லி. பெரியவருக்கு அரை மி.லி. 20 கிலோ குழந்தைக்கு 0.2 மி.லி. தொடையின் முன்-வெளிப்பக்கத்தில், நடுப்பகுதியில், தசைக்குள். கையில் வேண்டாம், தோலுக்கடியில் வேண்டாம், நரம்பில் (ரத்தக் குழாயில்) நிச்சயம் வேண்டாம். 1:1000 ஆம்பூலை (மருந்துக் குப்பியை) நரம்பில் தள்ளி இதயத் துடிப்பைக் கெடுத்துக்கொள்வது, அலர்ஜியைவிடப் பெரிய விபத்தாக முடியும். தேவைப்பட்டால் பேன்ட்டின் மேலாகவே குத்தலாம். ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் அதே அளவு மறுபடியும். இரண்டு டோஸுக்கும் அடங்காதவருக்கு நரம்பு வழி இன்ஃப்யூஷன் தேவைப்படும். அது மானிட்டரோடு மருத்துவமனையில் செய்வது.

எப்போது போடுவது? தோலில் தடிப்பு பரவி, அதோடு மூச்சு, ரத்த அழுத்தம், வயிறு இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் உடனே. சாறு குத்திய சில நிமிடங்களில் இழுப்போ குரல் கம்மலோ அழுத்தக் குறைவோ வந்தால், தோலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் போடுங்கள். தோல் அறிகுறிக்காகக் காத்திருந்து நேரத்தைத் தொலைப்பதை நிறையப் பார்க்கலாம். பெரியவரில் மேல் அழுத்தம் 90க்குக் கீழே, அல்லது வழக்கத்தைவிட 30 சதவீதம் குறைவு என்றால் குறைந்துவிட்டது என்று பொருள். ஒன்று முதல் பத்து வயதுக் குழந்தைக்கு 70ஓடு வயதின் இருமடங்கைக் கூட்டிய எண்ணுக்குக் கீழே.

படுக்க வையுங்கள், கால்களை உயர்த்துங்கள். எழுந்து உட்காரவோ நிற்கவோ விடாதீர்கள். அனாஃபிலாக்சிஸில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, திரவம் கசிந்து, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தமே குறைந்திருக்கும். நிமிர்ந்த நொடியில் இதயம் காலியாகி நின்றுவிடலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது: வயிற்றைப் பிசைந்து மலம் கழிக்க வேண்டும் என்ற உணர்வு அனாஃபிலாக்சிஸின் அறிகுறிகளில் ஒன்று. பேஷண்ட் "டாய்லெட் போய்ட்டு வந்துடறேன் சிஸ்டர்" என்று எழுந்து போவார், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுவார். டெஸ்டுக்கு வந்த பேஷண்ட் திடீரென்று டாய்லெட் கேட்டால் படுக்க வைத்துப் பல்ஸ் பாருங்கள். மூச்சுத் திணறல் முக்கியமாக இருந்தால் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கர்ப்பிணியை இடதுபக்கம்.

ஆக்சிஜன் முகமூடியில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர். இழுப்பு தொடர்ந்தால் சால்ப்யூட்டமால் நெபுலைசர், குழந்தைக்கு 2.5, பெரியவருக்கு 5 மி.கி. அட்ரினலினுக்குப் பிறகு, அதற்குப் பதிலாக அல்ல. அழுத்தம் குறைந்திருந்தால் பெரிய கேன்யூலா போட்டு நார்மல் சலைன் வேகமாக: பெரியவருக்கு 500 முதல் 1000 மி.லி., குழந்தைக்கு கிலோவுக்கு 10 மி.லி. கையிலுள்ள மிச்சச் சாற்றைத் துடைத்துவிடலாம், ஆனால் அதற்காக அட்ரினலினைத் தாமதிக்கக் கூடாது.

ஒருவர் மருந்து போட, இன்னொருவர் ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது செல்போனிலிருந்து 112 அழைக்க வேண்டும். போனில் "அனாஃபிலாக்சிஸ், அட்ரினலின் போட்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். வெறும் "அலர்ஜி" என்றால் வரிசையில் பின்னால் தள்ளிவிடுவார்கள். அரை மணியில் முகம் தெளிந்து "நான் வீட்டுக்குப் போறேன்" என்பார்கள். விடாதீர்கள். முதல் அலை அடங்கிச் சில மணி நேரம் கழித்து இரண்டாவது வருவது உண்டு. அட்ரினலின் போட்டவரை மருத்துவமனையில் குறைந்தது நாலு முதல் ஆறு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்துமாக்காரர், இரண்டு டோஸ் தேவைப்பட்டவர், வீடு தூரமானவர் என்றால் இன்னும் நீளம்.

கெமிஸ்ட், மெரிபேங்க்

டாக்டர் சொன்ன டோஸ் எல்லாம் சரி, ஆனா ட்ராலியில அந்த டோஸை எடுக்கிற வழியில்தான் எனக்குத் தெரிஞ்சு அதிகம் தடுமாற்றம்.

நிறைய சர்ஜரியில அட்ரினலின் ஆம்பூல் இருக்கும், பக்கத்துல சரியான சிரிஞ்ச் இருக்காது. அவசரத்துல கையில கிடைச்ச இன்சுலின் சிரிஞ்சை எடுப்பாங்க. அதோட ஊசி ஆறு, எட்டு மில்லிமீட்டர்தான், தசைக்குப் போகாது. கோடுகள் யூனிட்டுல இருக்கும், 50 யூனிட்தான் அரை மி.லி. பதட்டத்துல 5ன்னு படிச்சா பத்துல ஒரு பங்குதான் போகும். அதனால ஒரு மி.லி. சிரிஞ்ச், நீலத் தலை 23 கேஜ் 25 மி.மீ. ஊசி, ஆம்பூல், ஆல்கஹால் ஸ்வாப் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில போட்டு, அப்படி மூணு பை வையுங்க. பருமனானவங்களுக்கு பச்சைத் தலை 38 மி.மீ. ஊசி தனியா. பை மேலேயே பெரிய எழுத்துல எடைக்கு எத்தனை மி.லி.ன்னு அட்டவணை ஒட்டுங்க. மூளை வேலை செய்யாத நேரத்துல கணக்கு போடக் கூடாது.

முன்கூட்டியே சிரிஞ்சுல இழுத்து மூடிவெச்சா வேலை சுலபம்னு சிலர் நினைப்பாங்க. காத்தும் வெளிச்சமும் பட்டு மருந்து வீணாகும். டெஸ்ட் நடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு லேபிள் ஒட்டி எடுத்து வைக்கலாம், மிச்சத்தை அன்னிக்கே கொட்டிடணும். ஆம்பூலை 25 டிகிரிக்குக் கீழே, இருட்டுல, உறையாம வையுங்க. டர்பன் ஜனவரியில ஜன்னல் பக்கத்து அலமாரி அதுக்கு ஆகாது. ரோஸ் அல்லது பழுப்பு நிறம் ஆனாலும், துகள் தெரிஞ்சாலும் தூக்கிப் போடுங்க.

இங்க ஆட்டோ இன்ஜெக்டர் (தொடையில அழுத்தினா தானா குத்துற அட்ரினலின் பேனா) இறக்குமதி, விலையும் அதிகம், இருப்பும் நிச்சயம் இல்ல. சர்ஜரிக்கு ஆம்பூலே போதும்.

இனி பீட்டா பிளாக்கர், அதாவது இதயத் துடிப்பையும் பிரஷரையும் குறைக்கிற மருந்து. நம்ம சமூகத்துல பிரஷர், சுகர், இதய நோய் நிறைய, அதனால அட்டெனலால், கார்வெடிலால் எடுக்கிறவங்க தினமும் வருவாங்க. இந்த மருந்து எடுக்கிறவருக்கு அனாஃபிலாக்சிஸ் வந்தா, அட்ரினலின் போட்டாலும் ரத்த அழுத்தம் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. கேட்கும்போது "பிரஷர் மாத்திரை எடுக்கிறீங்களா"ன்னு மட்டும் கேக்காதீங்க. தலைவலிக்கு, கை நடுக்கத்துக்கு, தைராய்டுக்கு ப்ரோப்ரனலால் எடுக்கிறவங்க "எனக்கு பிரஷர் இல்ல"ன்னு சொல்லுவாங்க. கண்ணுல விடற டிமலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான், அதை மருந்துன்னே யாரும் கணக்குல சேர்க்க மாட்டாங்க. எல்லாப் பெட்டியையும் பையில போட்டு எடுத்துட்டு வரச் சொல்லிப் பாருங்க. அதே நேரம் டெஸ்டுக்காக பீட்டா பிளாக்கரை நீங்களா நிறுத்தச் சொல்லாதீங்க, திடீர்னு நிறுத்தினா நெஞ்சு வலி வரும். அவங்களுக்கு ரத்தப் பரிசோதனை போதும்.

அப்படியும் ஒருத்தருக்கு நடந்துட்டா? அட்ரினலின் முதல்ல, வழக்கம்போல. அழுத்தம் ஏறாட்டி குளுகாகான் ஊசி. டாக்டர் அதைச் சொல்லுவார்.

எமர்ஜென்சி டாக்டர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

குளுகாகான்: பெரியவருக்கு 1 முதல் 5 மி.கி., நரம்பு வழி, ஐந்து நிமிடம் எடுத்து மெதுவாக. பிறகு தேவைப்பட்டால் நிமிடத்துக்கு 5 முதல் 15 மைக்ரோகிராம். குழந்தைக்கு கிலோவுக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம், உச்சம் 1 மி.கி. இது பீட்டா ரிசப்டரைத் தொடாமல் வேறு வழியில் இதயத்தை வேகப்படுத்துகிறது. வாந்தி நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பவருக்குப் போட்டால் வாந்தி நுரையீரலுக்குள் போகும், எனவே ஒருக்களிக்க வையுங்கள். சர்க்கரை குறைந்தவர்களுக்காக உங்கள் ட்ராலியில் 1 மி.கி. கிட் ஏற்கெனவே இருக்கலாம். பெரியவருக்கு அது தொடக்க டோஸுக்குத்தான் காணும்.

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. பையில் போட்டு வைக்கும் யோசனையை இன்றைக்கே டாக்டரிடம் சொல்கிறேன்.

மூன்று விஷயம் இன்னும் புரியவில்லை. ஊசியைப் பார்த்தாலே மயங்குகிற ஸ்கூல் பிள்ளைகள் உண்டு. மயக்கத்தையும் அனாஃபிலாக்சிஸையும் எப்படிப் பிரிப்பது? அடுத்தது, எக்ஸிமா (அரிக்கும் தோல் அழற்சி) உள்ள எட்டு மாதக் குழந்தைகளை முட்டை அலர்ஜி பார்க்கச் சொல்லி அம்மாக்கள் கூட்டி வருவார்கள். செய்யலாமா? மூன்றாவது, சில பேர் வீட்டிலிருந்து இறாலை டப்பாவில் கொண்டு வந்து "இதையே குத்திப் பாருங்க" என்கிறார்கள்.

அலர்ஜி கிளினிக் நர்ஸ், டர்பன்

பல்ஸில் விரலை வையுங்கள் சிஸ்டர், பாதி விடை அங்கேயே இருக்கிறது. பயந்து மயங்கியவருக்குப் பல்ஸ் மெதுவாக இருக்கும், முகம் வெளுத்து, தோல் சில்லென்று வியர்த்திருக்கும். படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் ஓரிரு நிமிடத்தில் கண் திறப்பார். அரிப்போ தடிப்போ இருமலோ இருக்காது. அனாஃபிலாக்சிஸில் பெரும்பாலும் பல்ஸ் ஓடும், முகம் சிவக்கும், உள்ளங்கை, உள்ளங்கால், தலை அரிக்கும். தும்மல், தொண்டையைத் திரும்பத் திரும்பச் செருமுவது, குரல் மாறுவது எல்லாம் தொடக்க அறிகுறிகள். "எனக்கு என்னமோ பண்ணுது, சரியில்ல" என்று பேஷண்ட் சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள், அழுத்தம் இறங்குவதற்கு முன்னாலேயே அப்படிச் சொல்வார்கள். படபடப்பில் வேகமாக மூச்சுவிடுபவருக்கு விரல் நுனி மரத்துப்போகும், ஆனால் அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் நன்றாக இருக்கும். இதையெல்லாம் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் தொடையில் ஊசியைப் போட்டுவிடுங்கள். சரியான அளவில் தசையில் போட்ட ஒரு டோஸால் கொஞ்ச நேரம் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான்.

கையில் குத்திய இடத்தில் தடிப்பு முட்டை அளவுக்கு வீங்கி, ஓரத்தில் கால் நீட்டினாற்போல் பரவினால் பயப்படாதீர்கள். அது அந்த இடத்து ரியாக்‌ஷன்தான். அளந்து எழுதியபின் துடைத்து, குளிர்ந்த துணி வைத்து, ஆண்டிஹிஸ்டமின் மாத்திரை கொடுக்கலாம். ஆனால் குத்தாத இடத்தில் ஒரே ஒரு தடிப்பு கிளம்பினாலும் கண்ணை எடுக்காதீர்கள்.

எட்டு மாதக் குழந்தைக்கு உங்கள் சர்ஜரியில் வேண்டாம். எக்ஸிமா உள்ள சிறு குழந்தைகளிடம் உணவுச் சாறு, அதிலும் பச்சை முட்டை வெள்ளை போன்றவற்றை நேரடியாகக் குத்தும்போது உடம்பு முழுக்கப் பரவும் ரியாக்‌ஷன்கள் பதிவாகியிருக்கின்றன. உடம்பு சின்னது, ரியாக்‌ஷனைச் சொல்லத் தெரியாது. திடீரென்று துவண்டு போவது, காரணமில்லாத விடாத அழுகை, வாந்தி, அசாதாரணத் தூக்கம், இப்படித்தான் காட்டும். எட்டு கிலோ குழந்தைக்கு அட்ரினலின் 0.08 மி.லி., அந்த அளவைப் பதட்டத்தில் எடுப்பதே தனி வேலை. குழந்தைகள் அலர்ஜி கிளினிக்குக்கு அனுப்புங்கள். அங்கேயும் எட்டு பத்து உணவைக் குத்தச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். குழந்தை நிம்மதியாகச் சாப்பிட்டு வருகிற உணவை டெஸ்ட் பாசிட்டிவ் என்று நிறுத்தினால், பின்னால் அதைக் கொடுக்கும்போது உண்மையான அலர்ஜியாக மாறும் வாய்ப்பு கூடுகிறது.

டப்பா இறாலைப் பற்றி: பொருளைக் குத்தி அதே லான்செட்டால் தோலைக் குத்துவது நல்ல முறைதான், பழங்களுக்கு அது கடைச் சாற்றைவிட மேல். ஆனால் புரதத்தின் அளவு தெரியாது, பச்சையா வெந்ததா என்பதற்கேற்ப மாறும், ரியாக்‌ஷன் வரும் வாய்ப்பும் கூடும். இறால், கல் இறால், பெர்லமோன் (ஒரு கடல் நத்தை) சாப்பிட்டு மூச்சு முட்டியவருக்கு அதை மருத்துவமனையில் செய்யட்டும். மீன் விஷயத்தில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பலபேர் ஒரே மீனைச் சாப்பிட்டு எல்லோருக்கும் முகம் சிவந்ததா? அப்படியென்றால் அது அலர்ஜி அல்ல. சரியாகக் குளிரூட்டாத ஸ்னூக், யெல்லோடெய்ல் போன்ற மீன்களில் ஹிஸ்டமின் ஊறிவிடும், அது நஞ்சு. தோல் டெஸ்ட் நெகட்டிவ்தான் வரும். ஈஸ்டர்ன் கேப் பக்கமிருந்து வருபவர்கள் மாட்டிறைச்சி சாப்பிட்டு சில மணி நேரம் கழித்து ரியாக்‌ஷன் என்று சொன்னாலும் கடை இறைச்சிச் சாற்றின் நெகட்டிவை நம்பாதீர்கள். அதற்கு ஆல்ஃபா-கால் (இறைச்சியில் இருக்கும் ஒரு சர்க்கரைப் பொருள்) ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

எமர்ஜென்சி டாக்டர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ரியாக்‌ஷன் வந்தால் ட்ரிப்டேஸுக்கு (அலர்ஜியில் மாஸ்ட் செல்கள் வெளிவிடும் பொருள்) ரத்தம் எடுக்க மறக்காதீர்கள், சிகிச்சை நிலைப்பட்ட பிறகு. அறிகுறி தொடங்கிய ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள், நாலு மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. 24 மணி நேரம் கழித்து இன்னொன்று, அவருடைய சாதாரண அளவு தெரிய. முதல் எண், சாதாரண அளவின் 1.2 மடங்கோடு 2 கூட்டியதைவிட அதிகமென்றால் மாஸ்ட் செல்கள் வெடித்திருக்கின்றன என்று உறுதி. சாதாரண எண்ணே உயர்ந்திருந்தால் மாஸ்டோசைட்டோசிஸ் (மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோய்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ட்ரிப்டேஸ் உயரவில்லை என்பதால் அனாஃபிலாக்சிஸ் இல்லை என்று ஆகாது. குறிப்பாக உணவு அலர்ஜியில் பல நேரம் உயராது.

கெமிஸ்ட், மெரிபேங்க்

ஒண்ணு விட்டுப் போச்சு. டெஸ்டுக்கு முன்னாடி நிறுத்த வேண்டிய மருந்து. செட்டிரிசின், லோராட்டடின், ஃபெக்சோஃபெனடின், குளோர்ஃபெனிரமின் இதெல்லாம் ஒரு வாரம். ஸ்டீராய்டு மாத்திரை கொஞ்ச நாள் எடுத்தது பரவாயில்ல, ஆனா குத்தப்போற கையில ஸ்டீராய்டு கிரீம் தடவறதை ரெண்டு மூணு வாரம் நிறுத்தணும். ஜனங்க "நான் அலர்ஜி மாத்திரை எடுக்கல"ன்னு சத்தியம் பண்ணுவாங்க, ஆனா சளிக்கு எடுத்த ஃப்ளூ மாத்திரையில குளோர்ஃபெனிரமின் இருக்கும், இருமல் சிரப்புல டைஃபென்ஹைட்ரமின், கோடீன் கலந்த தலைவலி மாத்திரையில டாக்சிலமைன். தூக்கத்துக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலினும் தோலை மழுங்கடிக்கும், அதை நிறுத்தறதா வேண்டாமான்னு எழுதிக் கொடுத்த டாக்டர்தான் சொல்லணும். ஹிஸ்டமின் கண்ட்ரோல் எழும்பலன்னா அன்னிக்கு முடிவு எதையும் எழுதாதீங்க, நெகட்டிவ்னு எழுதவே எழுதாதீங்க.

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன் அண்ணா. சாற்றுப் பாட்டில்களை 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கரண்ட் நாலு மணி நேரம் போனால்?

கெமிஸ்ட், மெரிபேங்க்

ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காம இருந்தா நாலு மணி நேரத்துக்குத் தாங்கும்மா. உள்ள மினிமம்-மேக்சிமம் தெர்மாமீட்டர் ஒண்ணு வையுங்க, கரண்ட் வந்ததும் முதல் வேலையா அதைப் படிச்சு எழுதுங்க. பாட்டிலைக் கதவுத் தட்டுல வைக்காதீங்க, நடுத் தட்டுல வையுங்க, பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், அங்க உறைஞ்சிடும். உறைஞ்சு உருகின சாற்றைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. 8 டிகிரியைத் தாண்டியிருந்தா எவ்வளவு நேரம்னு குறிச்சு கம்பெனிக்காரங்ககிட்ட கேளுங்க. சூடு பட்ட சாறு சக்தி இழந்து நெகட்டிவா காட்டும், அதனால ஏற்கெனவே பாசிட்டிவ்னு உறுதியா தெரிஞ்ச ஆள் யாராவது வந்தா, அவங்ககிட்ட பழைய பாட்டிலும் புது பாட்டிலும் எப்படி எழும்புதுன்னு அளந்து ஒப்பிடலாம். புது பாட்டில் திறந்த தேதியை மூடியிலேயே எழுதிடுங்க. தெர்மாமீட்டர் நம்ம கடையில இருக்கு, எந்தக் கெமிஸ்ட்லயும் கிடைக்கும்.